டிக்கி சப்வூஃபர் பாக்ஸ் மக்கர் செய்தால் எங்கே தொடங்குவது

"அண்ணே, பாக்ஸ் போட்டாச்சு. ஆனா அடி விழல. ஆம்ப் மாத்திடவா?" இந்தக் கேள்வியோடு வரும் போன்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபயர்) சரியாகத்தான் இருக்கும், சப்பும் (பாக்ஸில் மாட்டிய சப்வூஃபர் ஸ்பீக்கர்) சரியாகத்தான் இருக்கும். தப்பு மரத்தில் இருக்கும், இல்லாவிட்டால் வயரில். அதனால் பர்ஸைத் திறக்கும் முன் இதை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். உங்கள் காரில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர் (சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும்), சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல், ஊதுபத்தி, ஸ்க்ரூடிரைவர், செல்போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப். வயரைக் கழற்றி மாட்டும் எந்த வேலைக்கும் முன்னால் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

சத்தமே வரவில்லை

முதலில் ஆம்ப்பில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். மூன்று வழி பிரியும்.

விளக்கே எரியவில்லை: பேட்டரி பக்கத்து ஃபியூஸ், பிறகு ஆம்ப்பிலேயே செருகியிருக்கும் ஃபியூஸ். கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். மீட்டரை பீப் நிலையில் வைத்து இரண்டு முனையிலும் தொட வேண்டும். ஃபியூஸ் சரி என்றால் ஆம்ப்பின் பவர் முனைக்கும் கிரவுண்ட் முனைக்கும் இடையே 12 வோல்ட்டுக்கு மேல் வருகிறதா? அடுத்து, செட்டை (டாஷ்போர்டில் உள்ள மியூசிக் சிஸ்டம்) ஆன் செய்துவிட்டு ரிமோட் முனைக்கும் (ஆம்ப்பை எழுப்ப செட்டிலிருந்து வரும் வயர் சேரும் இடம்) கிரவுண்டுக்கும் இடையே 12 வோல்ட் வருகிறதா? பவர் வந்து ரிமோட் வரவில்லை என்றால் டாஷ்போர்டுக்குப் பின்னால் அந்த மெல்லிய நீல வயர் கழன்றிருக்கும்.

பச்சை எரிகிறது, சத்தம் இல்லை: செட்டின் மெனுவில் சப்வூஃபர் ஆஃப் ஆகியிருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள். பேட்டரி மாற்றினால் பல செட்டுகளில் அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடும். அப்புறம் ஆர்சிஏ கேபிள் (செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் வயர்) செட்டின் சப் அவுட்டில்தான் இருக்கிறதா, ஆம்ப்பின் ஃபில்டர் சுவிட்ச் தவறி ஹைபாஸ் (பேஸை வெட்டிவிடும்) பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சிவப்பு எரிகிறது: ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஸ்பீக்கர் வயரை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பச்சைக்கு மாறினால் ஆம்ப் பிழைத்தது, கோளாறு வயரிலோ சப்பிலோ இருக்கிறது. டெர்மினல் கப்பில் (பாக்ஸில் ஸ்பீக்கர் வயரை மாட்டும் பிளாஸ்டிக் கிண்ணம்) ஒரு செம்பு இழை நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். ஆர்சிஏவையும் கழற்றிய பிறகும் சிவப்பு போகவில்லை, வோல்ட்டும் சரியாக இருக்கிறது என்றால் ஆம்ப்பின் உள்ளே கோளாறு. அதை ஆம்ப் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள்.

புது ஃபியூஸ் போட்டதும் போட்டதும் போகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பெரிய ஃபியூஸ் போட்டு "சமாளிக்க" வேண்டாம். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் தகரம் வயரை அறுத்திருக்கலாம், அது தீப்பிடிக்கும் விஷயம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை 45 செ.மீ.க்கு மேல் வயர் போயிருந்தாலும், அதையும் சேர்த்து ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சரிசெய்துவிடுங்கள்.

சத்தம் வருகிறது, அடி இல்லை

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இது. வரிசையாகப் போவோம்.

*காசு செலவில்லாதது: பிளஸ், மைனஸ்.* சப்புக்குப் போகும் இரண்டு வயர்களை இடம் மாற்றிப் போட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அதே பாட்டை அதே வால்யூமில் கேளுங்கள். எந்தப் பக்கம் பேஸ் அதிகமோ அதுதான் உங்கள் காருக்குச் சரி. சப் வெளியே தள்ளும்போது முன் ஸ்பீக்கர்கள் உள்ளே இழுத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். டிக்கி அருகே நின்று கேட்டால் நன்றாக இருக்கும், முன்னால் உட்கார்ந்தால் காணாமல் போகும்.

ஒரே பாக்ஸில் இரண்டு சப் என்றால் இது இன்னும் மோசம். ஒன்று தலைகீழாக இருந்தால் பேஸ் ஏறக்குறைய முழுக்கப் போய்விடும். ஆம்ப்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, செல்லின் பிளஸ்ஸை சப்பின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். கோன் (சப்பில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு) வெளியே வர வேண்டும். உள்ளே போனால் உள்வயரிங் மாறியிருக்கிறது.

*இரட்டைக் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) சப்பா?* 4+4 ஓம் சப்பில் இரண்டு காயிலையும் பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரிஸில் இணைத்தால் 8 ஓம். மீட்டரில் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே காட்டும். 2 ஓம் என்பது 1.6 முதல் 1.9 வரை வரலாம், அது கோளாறு இல்லை. 8 ஓமுக்கு இணைத்துவிட்டு 2 ஓமில் வரும் சக்தியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இதில் இன்னொரு குழி இருக்கிறது. ஒரு காயிலை மட்டும் தலைகீழாக இணைத்தால் மீட்டர் சரியான எண்ணையே காட்டும், ஆனால் கோன் அசையாது. இரண்டு காயிலும் கயிறு இழுக்கும் போட்டி நடத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு காயிலையும் தனித்தனியாக செல் வைத்துத் தொட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

*பாக்ஸ் எந்தப் பக்கம் பார்க்கிறது?* ஹேட்ச்பேக்கில் சப்பைப் பின்கதவு நோக்கி வைத்தால் பொதுவாக நன்றாக வரும். செடானில் கதை வேறு. பின்சீட்டுக்குப் பின்னால் தகரமும் பஞ்சும் ஒரு சுவர் மாதிரி நிற்கும். பின்சீட் மடியும் வண்டி என்றால் மடித்துவிட்டு ஒரு தடவை கேளுங்கள். பேஸ் திடீரென்று வந்தால் பாக்ஸில் தப்பில்லை, வழியில்தான் தப்பு. பாக்ஸைப் பின்னுக்கும் முன்னுக்கும் பத்துப் பத்து செ.மீ. நகர்த்தி, திருப்பி வைத்துப் பாருங்கள். முடிவு தெரியும் வரை கார்பெட் ஒட்டாதீர்கள், ஸ்க்ரூவும் அடிக்காதீர்கள்.

*காற்று கசிகிறதா?* மூடிய பாக்ஸில் (போர்ட் என்னும் காற்றுக் குழாய் இல்லாதது) அடி போவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, கோனை எல்லாப் பக்கமும் சமமாக மெல்ல அழுத்துங்கள். நல்ல பாக்ஸ் என்றால் சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அடிப்பது போல எதிர்க்கும். சப்பைக் கழற்றித் தரையில் வைத்து அழுத்தினாலும் அதே தளர்ச்சிதான் என்றால் பாக்ஸ் எங்கோ ஓட்டை.

எங்கே என்று கண்டுபிடிக்க ஊதுபத்தி. செல்போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த வால்யூமில் விடுங்கள். காற்றில்லாத இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்து, பத்தியை மூலைகள், டெர்மினல் கப், சப்பின் விளிம்பு என்று மெல்ல நகர்த்துங்கள். நேராக ஏறும் புகை ஓரிடத்தில் மட்டும் நடுங்கும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை டெர்மினல் கப்தான் முதல் குற்றவாளி. வயர் நுழையும் துளையைப் பெரிதாகப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் கப்பை இரண்டே ஸ்க்ரூவில் நிறுத்தியிருப்பார்கள். அடுத்தது சப்பின் விளிம்பு. கார் டயர் நட்டுகளை முறுக்குவது போல எதிரெதிர் ஸ்க்ரூவாக முறுக்க வேண்டும். வட்டமாக ஒரே பக்கமிருந்து முறுக்கிக்கொண்டு போனால் மறுபக்கம் தூக்கும்.

அடைப்பது எளிது. விளிம்புக்கு ஃபோம் டேப், உள்மூலைகளுக்கு ஃபெவிகாலில் எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) தூளைக் குழைத்த பசை, கப்புக்கு சிலிகான். சிலிகான் போட்டால் அந்த வினிகர் வாசனை அடங்கும் வரை, குறைந்தது ஒரு நாள், சப்பை மாட்ட வேண்டாம். அந்த ஆவி உள்ளே அடைபட்டால் சப்புக்கு நல்லதல்ல.

ஒரே சுருதியில் "டும் டும்", பாட்டு எதுவானாலும் அதே அடி

ஆம்ப்பில் பேஸ் பூஸ்ட் திருகு ஒன்று இருக்கும். அதை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். லோபாஸ் ஃபில்டரை (பேஸை மட்டும் விட்டு மேலே உள்ளதை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸ் அருகே வையுங்கள். செட்டிலும் லோபாஸ் போட்டு ஆம்ப்பிலும் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா, டேப் எடுங்கள். பாக்ஸின் கொள்ளளவு வெளி அளவில் இல்லை, உள் அளவில் இருக்கிறது. என் முதல் பாக்ஸில் நானே இதில் விழுந்தேன். வெளியே 50 × 35 × 30 செ.மீ. போட்டு "ஐம்பத்திரண்டு லிட்டர், தாராளம்" என்று நினைத்தேன். 18 மி.மீ. பலகை ஒவ்வொரு அளவிலிருந்தும் இரண்டு முறை கழியும். உள்ளே 46.4 × 31.4 × 26.4, அதாவது 38.5 லிட்டர்தான். சப்பின் பின்பகுதியும் உள்ளே கொடுத்த முட்டுக்கட்டையும் மூன்று லிட்டருக்கு மேல் தின்றது. கடைசியில் கிடைத்தது 35 லிட்டர் சொச்சம்.

மூடிய பாக்ஸ் தேவையைவிடச் சிறியது என்றால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் எகிறும். தலையணைக்குப் போடும் ஃபைபர் பஞ்சை வாங்கி, அமுக்காமல் உதிர்த்து உள்ளே நிரப்புங்கள். சப்புக்குப் பாக்ஸ் கொஞ்சம் பெரிதானது போலத் தெரியும். பெரிய வித்தியாசம் வேண்டுமென்றால் அடுத்த பாக்ஸ்தான். பெரியது என்றால் மரத்துண்டுகளை உள்ளே ஒட்டி ஸ்க்ரூ போட்டு இடத்தைக் குறைக்கலாம். சப்போடு வந்த தாளில் உள்ள லிட்டர் கணக்கைத் தேடி எடுங்கள். கன அடியில் இருந்தால் 28.3ஆல் பெருக்குங்கள். "பன்னிரண்டு இஞ்ச்னா இவ்வளவுதான்" என்று கடையில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

போர்ட்டிலிருந்து "உஸ் உஸ்"

மூடிய பாக்ஸில் இந்தச் சத்தம் வந்தால் அது கசிவு, மேலே போங்கள். போர்ட் வைத்த பாக்ஸில் முதலில் போர்ட் வாய்க்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். போர்ட்டின் விட்டம் அளவுக்காவது எதிரே இடம் வேண்டும். ஊருக்குப் போகும்போது டிக்கியில் பையைத் திணித்துவிட்டு "சத்தம் மாறிடுச்சு" என்பவர்கள் உண்டு.

இடம் இருந்தும் உஸ் என்றால், வாயின் ஓரத்தை உப்புத்தாளால் நன்றாக உருட்டிவிடுங்கள். உள்முனையையும் சேர்த்து. அதற்கும் அடங்கவில்லை என்றால் போர்ட் சிறியது. இங்கேதான் ஒரு தப்பு நடக்கிறது. 75 மி.மீ. பைப்பை எடுத்துவிட்டு அதே நீளத்தில் 110 மி.மீ. பிவிசி பைப்பை வைத்துவிடுவார்கள். டியூனிங் (போர்ட் அதிகம் ஒலிக்கும் ஹெர்ட்ஸ்) மேலே ஏறி, பேஸ் கீழே இல்லாமல் போகும். 50 லிட்டர் பாக்ஸை 34 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய 75 மி.மீ. பைப் என்றால் ஏறக்குறைய 15 செ.மீ. போதும். 110 மி.மீ. என்றால் 36 செ.மீ. அருகே வேண்டும். அகலம் கூடினால் நீளமும் கூடியாக வேண்டும். நேராக நுழையாவிட்டால் எல்போ போட்டு வளைக்கலாம்.

போர்ட் பாக்ஸ்காரர்கள் ஆம்ப்பில் சப்சோனிக் ஃபில்டரை (மிகத் தாழ்ந்த சுருதிகளை வெட்டுவது) மறக்கக் கூடாது. டியூனிங்குக்கு நாலைந்து ஹெர்ட்ஸ் கீழே வையுங்கள். அதற்குக் கீழே பாக்ஸ் கோனைப் பிடித்து வைக்காது. கோன் வெறிபிடித்து ஆடி, காயில் அடியில் மோதி "டக்" என்று சொல்லும். அந்த டக் கேட்டால் உடனே வால்யூமைக் குறையுங்கள்.

கடகட, கிர்கிர்

நண்பன் ஒருவன், "மாப்ள, சப் கிழிஞ்சுடுச்சு" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஸ்டெப்னி குழியில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடந்தது. அதைத் துணியில் சுற்றி வைத்ததோடு சரி.

டோன் ஆப்பில் 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். எந்த எண்ணில் கடகடக்கிறதோ அங்கே நிறுத்தி, ஒருவர் உள்ளே இருக்க, இன்னொருவர் வெளியே ஒவ்வொன்றாகக் கையால் அழுத்த வேண்டும். நம்பர் பிளேட், டிக்கி மூடி, பார்சல் டிரே, ஜாக்கி, பின் விளக்கு என்று போங்கள். கை வைத்ததும் நின்றால் ஆள் பிடிபட்டான். பார்சல் டிரேக்கு ஃபெல்ட் டேப், டிக்கி மூடியின் உள் தகரத்துக்கு அதிர்வை அடக்கும் ப்யூட்டில் ஷீட். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் என்றால் அதன் ஸ்னாப் லாக்கை உடைத்துவிடாதீர்கள், பின்னால் மெல்லிய ஃபோமைச் செருகினால் போதும்.

எல்லாவற்றையும் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் பாக்ஸையே கீழே இறக்கி, வீட்டுத் தரையில் வைத்து ஓட்டுங்கள். அங்கேயும் வந்தால்தான் பாக்ஸ் மீது சந்தேகப்பட வேண்டும். உள்ளே வயர் கோனைத் தட்டுகிறதா, முட்டுக்கட்டை ஒட்டு விட்டதா?

எஞ்சின் ஏற ஏற "ஙொய்" ஏறுகிறது

ஆக்ஸிலேட்டர் மிதித்தால் சுருதி ஏறினால் அது ஆல்டர்னேட்டர் சத்தம். பெரும்பாலும் இது முன் ஸ்பீக்கர்களும் அதே நாலு சேனல் ஆம்ப்பில் இருக்கும் வண்டிகளில்தான் கேட்கும். சப்பில் லோபாஸ் அதை வெட்டிவிடும்.

சத்தம் இருக்கும்போது ஆம்ப்பை அணைத்து, செட்டின் ஆர்சிஏவைக் கழற்றி, அதற்குப் பதில் ஒரு செல்போனை நேராக இணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது. சத்தம் போய்விட்டால் கோளாறு ஆர்சிஏ கேபிளிலோ செட்டிலோ. கேபிளை பவர் வயரின் பக்கத்திலிருந்து எடுத்து வண்டியின் மறுபக்கமாக ஓட்டுங்கள். போகாவிட்டால் கிரவுண்ட், அதாவது ஆம்ப்பின் நெகடிவ் வயர் வண்டியின் தகரத்தோடு சேரும் இடம்.

கிரவுண்டில் நான் பார்த்த கூத்துகளை எழுதினால் பக்கம் போதாது. பெயின்ட்டின் மேலேயே லக் (வயர் முனையில் உள்ள வளையம்) வைத்து போல்ட் முறுக்கியிருப்பார்கள். கழற்றிப் பார்த்தால் லக்கின் அடியில் வளையமாகப் பெயின்ட் பளபளவென்று அப்படியே இருக்கும், மின்சாரம் போனதெல்லாம் போல்ட்டின் மரை வழியாகத்தான். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் வெள்ளித் தகரம் தெரியும்வரை தேய்த்து, லக்கை முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள், துரு ஏறாது. சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் கட்டாதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட், அதை நம் வேலைக்குக் கழற்றக் கூடாது.

சரியா என்று பார்க்க: பாட்டு சத்தமாக ஓடும்போது ஆம்ப்பின் கிரவுண்ட் முனைக்கும் பேட்டரி நெகடிவ்வுக்கும் இடையே வோல்ட்டை அளந்து பாருங்கள். 0.1, 0.2 என்றால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் கிரவுண்ட் மோசம்.

புதிதாகத் துளை போட வேண்டுமென்றால் கீழே குனிந்து பாருங்கள். பல வண்டிகளில் பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் துளை, ஸ்க்ரூ, பாக்ஸைக் கட்டி நிறுத்துவது எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். சிஎன்ஜி கிட் வேலை தெரிந்தவரிடம் காட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும். நான் அந்த வண்டிகளை எடுப்பதே இல்லை.

அரை மணி நேரம் ஓடி கட் ஆகிறது

ஆறிய பிறகு தானாக வந்தால் சூடு. ஆம்ப்பைக் கார்பெட்டில் மூடியிருக்கிறீர்களா, பாக்ஸின் அடியில் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்களா? சுற்றிலும் காற்று போக இடம் விடுங்கள். மே மாத வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கிக்கு இது தனியாகவே ஒரு சோதனை.

அடி விழும்போது மட்டும் கட் ஆகி வந்தால் வோல்ட் இறங்குகிறது. பாட்டு ஓடும்போது ஆம்ப்பின் முனையில் அளந்து, பேட்டரி முனையோடு ஒப்பிடுங்கள். பேட்டரியில் 14, ஆம்ப்பில் 12 என்றால் வயர் தின்கிறது. வயரின் முனையில் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே கேஜில் (தடிமனில்) சுத்த செம்பு வாங்கிப் போடுங்கள். ஆம்ப் விலைக்கு முன் இது சில்லறை.

எரிந்த வாசனை, அல்லது கோனில் கரகர

உடனே நிறுத்துங்கள். ஆறியதும் கோனைச் சமமாக அழுத்தி விடுங்கள். மணலில் தேய்ப்பது போலக் கரகரத்தால் காயில் உருக்குலைந்துவிட்டது. மீட்டரில் காயில் திறந்ததாகக் காட்டினாலும் அதே முடிவுதான். ரீகோன் (கோனையும் காயிலையும் புதிதாக மாற்றுவது) செய்பவரிடம் விலை கேட்டுவிட்டுப் புதியதோடு ஒப்பிடுங்கள். சாதாரண சப்புக்குப் புதியதே லாபம்.

புதியதை மாட்டும் முன் ஆம்ப்பின் கெயினை (செட்டிலிருந்து வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகு) சரியாக வையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் எரியும். ஸ்பீக்கர் வயரைக் கழற்றுங்கள். செட்டை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோன் விடுங்கள். வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட்ஸ், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட். மீட்டரை ஏசியில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் அந்த எண் வரும் வரை கெயினைத் திருப்பி, அங்கேயே விட்டுவிடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் "மேக்ஸ்" வாட்ஸை எடுக்காதீர்கள், ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும்) வாட்ஸ்தான் கணக்கு.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

செட்டை ஆஃப் செய்து, சாவியை எடுத்த பிறகு ரிமோட் முனையில் வோல்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யாரோ நேரடி 12 வோல்ட்டில் கட்டிவிட்டார்கள், ஆம்ப் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறது. அதை மாற்றுங்கள். ரிமோட் சரி என்றால் பேட்டரி: இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வராவிட்டால் ஆல்டர்னேட்டர், அது எலக்ட்ரீஷியன் வேலை. சின்ன வண்டிகளில் 35 ஏஹெச் பேட்டரிதான் வரும். எஞ்சினை அணைத்துவிட்டு பீச்சில் இரண்டு மணி நேரம் பாட்டுப் போட அது ஆகாது.

பாக்ஸின் அடிப்பலகை ஊதிவிட்டது

மழைக்காலம் முடிந்ததும் இது வரும். கார்பெட்டை விரலால் அழுத்துங்கள், பொதபொதவென்று இருந்தால் எம்.டி.எஃப் தண்ணீர் குடித்துவிட்டது. பாக்ஸை எடுத்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். ஒருவர் டிக்கிக்குள் டார்ச்சோடு உட்கார, மற்றவர் வெளியே பின் விளக்கு, டிக்கி ரப்பர் மேல் ஹோஸால் மெல்லத் தண்ணீர் விட வேண்டும். பின் விளக்கின் கேஸ்கெட்தான் வழக்கமாக மாட்டும்.

ஊதிய எம்.டி.எஃப் காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, ஸ்க்ரூவும் பிடிக்காது. அடிப்பலகையை மட்டும் அறுத்து எடுத்து, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டில் புதிதாகப் போடலாம். அறுக்கும்போது முகக்கவசம் போடுங்கள், எம்.டி.எஃப் தூள் மூக்கை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும். புதிய பலகையின் கீழ்ப்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் இரண்டு கோட் பெயின்ட் அடித்துவிட்டு, அடியில் நாலு ரப்பர் புஷ் வையுங்கள். இருபது கிலோ பாக்ஸ் பிரேக் அடித்தால் முன்னால் பறக்கும். பெல்ட் போட்டோ எல் பிராக்கெட் போட்டோ கட்டிவிட்டுத்தான் டிக்கியை மூட வேண்டும்.